வாசல் வைத்த வீடு: ஒரே படத்தின் வழியே பண்டைய எகிப்து

ஒரு தாளில் நீள்சதுரம் ஒன்று வரையுங்கள். கீழ்க்கோட்டின் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு அழித்துவிடுங்கள். சுற்றிலும் சுவர், கீழே நுழைய ஒரு வாசல். கூரையைக் கழற்றிவிட்டு மேலிருந்து எட்டிப் பார்த்தால் ஓர் அறை வீடு இப்படித்தான் தெரியும். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு நைல் ஆற்றங்கரையில் எழுதப் பழகிய சிறுவனும் இதைத்தான் வரைந்தான். அந்த எழுத்தின் ஒலி ‘பெர்’. பொருள், வீடு.

பண்டைய எகிப்தைப் பற்றிப் புதிதாகப் படிக்க வருபவரிடம் நான் பிரமிடை முதலில் காட்டுவதில்லை. பிரமிடில் தொடங்கினால் அண்ணாந்து பார்த்து வியப்பதோடு நின்றுவிடுகிறோம். மூவாயிரம் ஆண்டு வரலாறு, முப்பது அரச வம்சங்கள், வாயில் நுழையாத பெயர்கள் என்று அடுக்கினாலோ மலைப்புதான் மிஞ்சும். இந்தச் சின்ன வீட்டின் வாசல் வழியாக நுழைந்தால் எழுத்து, உழவு, அரசு, கூலி, சாவு எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வரலாம்.

முதலில் எழுத்து. எகிப்தின் சித்திர எழுத்துகளைப் பார்த்ததும், ஆந்தை வரைந்திருந்தால் ஆந்தையைப் பற்றிய செய்தி, வாய் வரைந்திருந்தால் பேச்சைப் பற்றிய செய்தி என்றுதான் எண்ணத் தோன்றும். ஐரோப்பிய அறிஞர்களும் நெடுங்காலம் அப்படியே எண்ணி, ஒவ்வொரு படத்துக்குள்ளும் மறைபொருள் தேடி வழிதவறினார்கள். உண்மையில் பெரும்பாலான படங்கள் ஒலியைக் குறிப்பவை. ஆந்தை என்றால் ‘ம்’. வாய் என்றால் ‘ர்’. அதிலும் மெய்யொலிகளை மட்டுமே எழுதினார்கள், உயிரொலிகளை எழுதவில்லை. மொழி தெரிந்தவர் படிக்கும்போதே அவற்றைச் சேர்த்துக்கொண்டார்.

அப்படியானால் குழப்பம் வராதா? தமிழிலேயே செய்து பார்ப்போம். ‘ம் ல்’ என்று இரண்டு மெய்களை மட்டும் எழுதிவிட்டால் அது மலையா, மாலையா, மூலையா, மேலா? தெரியாது. ‘ம் ல்’ என்று எழுதி அருகே ஒரு சூரியனை வரைந்துவிட்டால் மாலை என்று புரிந்துவிடும். குன்று வரைந்தால் மலை. எகிப்தியர்கள் செய்தது இதேதான். சொல்லின் முடிவில் வரும் அந்தப் படத்துக்கு ஒலி கிடையாது. எந்தச் சொல் என்று கைகாட்டிவிடுவது மட்டுமே அதன் வேலை.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். வீட்டுப் படத்தின் கீழே ஒரு சிறு கோடு போட்டால் ‘வீடு’. அதே படத்தோடு ஒரு வாயையும் நடக்கும் இரண்டு கால்களையும் சேர்த்தால் ‘வெளியே வருதல்’. இரண்டு சொற்களுக்கும் மெய்கள் ஒன்றே: ப், ர். (‘பெர்’ என்பதில் உள்ள எகரம், வாயால் சொல்ல வசதியாக இன்றைய அறிஞர்கள் போட்டுக்கொண்டது.) வீடு, வெளியே வருதல். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முடியும்வரை இவை திரும்பத் திரும்ப வரும்.

இந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த கடைசி மனிதர் எப்போது இறந்தார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நாம் அறிந்த கடைசிச் சித்திர எழுத்துக் கல்வெட்டு, நைல் ஆற்றில் உள்ள பிலே தீவுக் கோயிலில் கி.பி. 394 ஆகஸ்ட் 24 அன்று வெட்டப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் எகிப்தின் சுவர்கள் ஊமையாக நின்றன. 1799இல் பிரெஞ்சுப் படைவீரர்கள் ரொசெட்டா என்ற ஊரில் ஒரு கோட்டையைச் செப்பனிட்டபோது, ஒரே அரசாணை மூன்று எழுத்துகளில் வெட்டப்பட்ட கல் கிடைத்தது. மேலே சித்திர எழுத்து, நடுவில் வேகமாக எழுதும் டெமாட்டிக், கீழே கிரேக்கம். 1822இல் பிரான்ஸைச் சேர்ந்த சாம்பொல்லியோன் பூட்டைத் திறந்தார். அவர் கையில் இருந்த சாவி காப்டிக் மொழி. எகிப்தியக் கிறித்தவர்களின் வழிபாட்டில் இன்றும் ஒலிக்கும் அம்மொழி, பழைய எகிப்திய மொழியின் கடைசி வடிவம். நீள்வட்டக் கட்டத்துக்குள் எழுதப்பட்ட ஓர் அரசன் பெயர் அவர் கண்ணில் பட்டது: முதலில் ஒரு வட்டம், நடுவில் புரியாத ஒரு குறி, கடைசியில் இரண்டு ‘ஸ்’. வட்டம் சூரியனாக இருந்தால் காப்டிக்கில் அது ‘ரே’. ரே… ஸ், ஸ். நடுவில் ஒரு மகரத்தைப் பொருத்தினால் ராம்சேஸ்! கிரேக்க நூல்கள் வழியாக உலகம் கேள்விப்பட்டிருந்த பெயர், அந்த அரசனின் சொந்த எழுத்திலிருந்து முதன்முறையாக ஒலித்தது. இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

அடுத்து வயல். எகிப்தில் மழை இல்லை என்றே சொல்லலாம். சோறு போட்டது நைல் ஒன்றுதான். எத்தியோப்பிய மலைநாட்டில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழை, ஆற்றோடு வடக்கே ஓடி வந்து எகிப்தின் வயல்களை மூழ்கடிக்கும். வாரக்கணக்கில் ஊர்கள் தீவுகளாக நிற்கும். வெள்ளம் வடிந்த பின் வயல்மீது கரிய வண்டல் படிந்திருக்கும். அந்தக் கருமண்ணால்தான் தங்கள் நாட்டைக் ‘கெமெத்’, அதாவது கரிய நிலம், என்று அழைத்தார்கள். அதற்கு அப்பால் இருந்த பாலை ‘தெஷ்ரெத்’, செந்நிலம். கருமண்ணில் ஒரு காலும் செம்மணலில் ஒரு காலும் வைத்து நிற்கக்கூடிய அளவுக்கு இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல எல்லை இருக்கும்.

ஆண்டை மூன்று பருவங்களாகப் பிரித்தார்கள். முதலாவது அகெத், வெள்ளப் பருவம். மூன்றாவது ஷெமு, அறுவடைப் பருவம். நடுவில் உள்ள விதைப்புப் பருவத்தின் பெயர் ‘பெரெத்’. அதை எழுதும்போது முதலில் நம் வீட்டுப் படம், பிறகு வாய், பெண்பால் விகுதியைக் குறிக்கும் ஒரு சிறு ரொட்டி, கடைசியில் காலத்தைக் காட்டும் சூரியன். பொருள், ‘வெளியே வருதல்’. தண்ணீருக்கு அடியிலிருந்து நிலம் வெளியே வரும் காலம். அந்தச் சேற்றில் விதையைத் தூவி, ஆடுகளை ஓட்டி மிதிக்கவிட்டால் போதும், வேர் பிடித்துவிடும்.

பருவத்துக்கு நான்கு மாதம், மாதத்துக்கு 30 நாள், வாரத்துக்குப் பத்து நாள், ஆண்டின் கடைசியில் தனியாக ஐந்து நாள். ஆக 365. ஆனால் நான்காண்டுக்கு ஒருமுறை ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளவில்லை. அதனால் நாள்காட்டி மெல்ல மெல்ல நழுவி, சில நூற்றாண்டுகள் கழித்து வெள்ளப் பருவம் என்று பெயர் கொண்ட மாதங்கள் அறுவடை நேரத்தில் வந்து நின்றன. உழவர்கள் குழம்பவில்லை, ஆற்றையும் வானத்தையும் பார்த்து வேலை செய்தார்கள். விடியலுக்குச் சற்றுமுன் கீழ்வானில் சிரியஸ் விண்மீன் மறுபடி தலைகாட்டினால் வெள்ளம் வருகிறது என்று பொருள். அந்த வெள்ளம் இன்று இல்லை. 1970இல் அஸ்வான் பேரணை கட்டி முடிக்கப்பட்டதோடு ஆண்டு வெள்ளம் நின்றுவிட்டது.

ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. அதனால் எகிப்தின் தென்பகுதிக்கு மேல் எகிப்து என்றும், வடக்கே கடலோரச் சமவெளிக்குக் கீழ் எகிப்து என்றும் பெயர். வரைபடத்தை வைத்துக்கொண்டு படிப்பவர்கள் எல்லாரும் முதலில் இடறும் இடம் இது. காற்றோ வடக்கிலிருந்து வீசும். ஆகவே வடக்கே போகும் படகு நீரோட்டத்தோடு போகும். தெற்கே போகும் படகு பாய் விரிக்கும். எழுத்திலும் அப்படியே: ‘தெற்கே போ’ என்று எழுதினால் பாய் விரித்த படகு, ‘வடக்கே போ’ என்று எழுதினால் பாய் இல்லாத படகு.

இந்த மேல் எகிப்தும் கீழ் எகிப்தும் கி.மு. 3100 வாக்கில் ஒரே அரசின்கீழ் வந்தன. ஒருங்கிணைத்தவர் நார்மெர் என்பது பெரும்பாலோர் கருத்து. அவருடைய கல்பலகை ஒன்றில், ஒரு பக்கத்தில் மேல் எகிப்தின் வெள்ளை முடியும் மறுபக்கத்தில் கீழ் எகிப்தின் சிவப்பு முடியும் அணிந்து நிற்கிறார். அவர் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது தெரியுமா? ஒரு கெளுத்தி மீன், ஓர் உளி. மீன் ‘நார்’, உளி ‘மெர்’. மீனுக்கும் உளிக்கும் அரசனோடு எந்த உறவும் இல்லை. ஒலிக்காக மட்டுமே வந்து நிற்கின்றன.

அவரிலிருந்து தொடங்கும் நெடிய வரலாற்றைப் படிக்கும் வசதிக்காக மூன்றாகப் பிரிக்கிறார்கள். பிரமிடுகள் எழுந்த பழைய அரசு, கி.மு. 2700 முதல் 2200 வரை. நடு அரசு, 2050 முதல் 1650 வரை. பேரரசாக விரிந்த புது அரசு, 1550 முதல் 1070 வரை. எல்லாமே ஏறத்தாழத்தான். இடையிடையே நாடு துண்டாகிக் கிடந்த காலங்களும் உண்டு. கி.மு. 332இல் அலெக்சாந்தர் வந்தார், அவருக்குப் பின் தாலமி வம்சம், கி.மு. 30இல் கிளியோபாத்ராவின் மரணத்தோடு உரோமர் ஆட்சி. தொடக்கநிலை வாசகருக்கு இந்தச் சட்டகம் போதும்.

அரசருக்கு நாம் சொல்லும் பெயர் பாரோ. தமிழ் விவிலியத்தில் பார்வோன். அதுவும் நம் வீட்டிலிருந்து பிறந்ததுதான். வீட்டுப் படம், அருகே ஒரு மரத்தூண்: ‘பெர்-ஆ’, பெரிய வீடு. முதலில் அது அரண்மனையின் பெயர். ‘அரண்மனை உத்தரவு’ என்று நாமும் சொல்கிறோம் அல்லவா? அப்படிச் சொல்லிச் சொல்லியே புது அரசுக் காலத்தில் அரண்மனைக்குள் இருந்தவருக்கும் அது பெயராகிவிட்டது. ஆகவே கீஸாவின் பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபுவை அவர் காலத்தில் யாரும் பாரோ என்று அழைத்திருக்க மாட்டார்கள். அவருக்கும் அந்தப் பெயருக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுகள் இருக்கின்றன.

அரசின் மற்ற உறுப்புகளும் வீடுகளே. கருவூலம் ‘பெர்-ஹெஜ்’, வெள்ளை வீடு. கோயில் சார்ந்த ஏடெழுதும் கூடம் ‘பெர்-அன்க்’, உயிர் வீடு. நாணயம் புழங்காத நாடு அது. தானியமே செல்வம், தானியமே கூலி. வெள்ளம் வடிந்ததும் கணக்கர்கள் கயிற்றோடு வந்து வயலை அளந்து, விளைச்சலை மதிப்பிட்டு வரி குறித்துக்கொண்டு போனார்கள். பழைய அரசில் ஆண்டுகளையே கால்நடைக் கணக்கெடுப்பை வைத்துத்தான் எண்ணினார்கள். கூஃபுவின் பிரமிடு கட்டப்பட்டபோது எழுதப்பட்ட ஒரு பணிக்குறிப்பு, ‘13ஆம் கணக்கெடுப்புக்கு அடுத்த ஆண்டு’ என்று தேதி போடுகிறது.

அந்தக் குறிப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2013இல் செங்கடல் கரையோரம் வாதி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் பிரெஞ்சு ஆய்வாளர் பியர் தாலே குழுவினருக்குப் பாப்பிரஸ் (நாணல் போன்ற செடியின் தண்டிலிருந்து செய்த தாள்) துண்டுகள் கிடைத்தன. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் உலகிலேயே பழையவை இவைதான். எழுதியவர் மெரெர், சுமார் 40 ஆட்களுக்கு மேற்பார்வையாளர். நைலின் கிழக்குக் கரையில் உள்ள துரா குவாரியிலிருந்து வெண்சுண்ணக் கற்களைப் படகில் ஏற்றி, கால்வாய் வழியாகக் கீஸாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. இன்று பகலில் கல் ஏற்றினோம், இரவு துராவில் தங்கினோம், மறுநாள் புறப்பட்டோம் என்று நாள்தோறும் பதிவு. பத்து நாளில் இரண்டு மூன்று நடை. 146 மீட்டர் உயரம், ஏறத்தாழ 23 லட்சம் கற்கள் என்று படித்து மலைத்துப்போகும் நமக்கு, அதன் மேற்பூச்சுக் கற்களில் சிலவற்றை இழுத்துச் சென்றவரின் வேலை நாட்குறிப்பே கையில் இருக்கிறது. அதில் வியப்பும் இல்லை, பெருமையும் இல்லை. ஏற்றினோம், இறக்கினோம்.

சாட்டையடி வாங்கிய அடிமைகள் கட்டினார்கள் என்ற படிமம் நம் மனத்தில் ஆழப் பதிந்திருக்கிறது. கீஸாவில் தோண்டியபோது கிடைத்தவை தொழிலாளர் குடியிருப்பு, ரொட்டி சுட்ட அடுமனைகள், பிரமிடுக்கு அருகிலேயே தொழிலாளர்களின் கல்லறைகள், முறிந்து ஒழுங்காகக் கூடிய எலும்புகள். முறைவைத்து வந்து உழைத்தவர்கள் அவர்கள். அரசு கூப்பிட்டால் மறுக்க முடியாத உழைப்புதான். ஆனால் சோறும் மருத்துவமும் கிடைத்த உழைப்பு.

இனி உண்மையான வீடுகளுக்குள் போவோம். எனக்கு எகிப்திலேயே மிகப் பிடித்த ஊர் இது. இன்றைய லக்சருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில், பாலைக் குன்றுகளுக்கு நடுவே டெய்ர் எல்-மதீனா. அரசர்களின் பள்ளத்தாக்கில் கல்லறை குடைந்த தொழிலாளர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர். மதிலுக்குள் ஏறத்தாழ 70 வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டி, குறுகி நீண்டவை. முன்னறை, தூண் வைத்த கூடம், சிறு அறைகள், பின்னால் சமையற்கட்டு, மாடிக்கு ஏறும் படிகள். ஊரில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. கழுதைமேல் சுமந்து வர வேண்டும்.

அந்த ஊரில் எழுதத் தெரிந்தவர்கள் அதிகம். பாப்பிரஸ் விலை கூடியது என்பதால், குன்றிலிருந்து உடைந்து விழுந்த சுண்ணக்கல் சில்லுகளில் எழுதினார்கள். ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. இரண்டாம் ராம்சேஸின் 40ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு கல், இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது வருகைப் பதிவேடு. நாற்பது பெயர்கள், வராத நாள்கள் கறுப்பு மையில், மேலே சிவப்பு மையில் காரணம். ஒருவரைத் தேள் கொட்டியது. ஒருவருக்குக் கண்வலி. ஒருவர் பீர் வடித்துக்கொண்டிருந்தார். ஒருவர் தாயின் உடலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். சிலர் வீட்டில் மனைவியோ மகளோ மாதவிலக்கு. அதற்கும் விடுப்பு எழுதியிருக்கிறது.

சாதாரணத் தொழிலாளிக்கு மாதக் கூலி நான்கு மூட்டை கோதுமை, ஒன்றரை மூட்டை வாற்கோதுமை. ஒரு மூட்டை ஏறத்தாழ 76 லிட்டர். கோதுமை ரொட்டிக்கு, வாற்கோதுமை பீருக்கு. மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆண்டில், கி.மு. 1157 வாக்கில், கூலி வரவில்லை. மாதத்தில் 18 நாள் போய்விட்டது, பசிக்கிறது என்று சொல்லித் தொழிலாளர்கள் கருவிகளைப் போட்டுவிட்டுக் காவல் சுவர்களைத் தாண்டிப்போய் ஒரு கோயிலின் பின்புறம் உட்கார்ந்துவிட்டார்கள். பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தது. துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை. அரசருக்கு எழுதுங்கள் என்றார்கள். எழுதி வைத்தவர் அமென்நக்த் என்ற கணக்கர். அந்தப் பாப்பிரஸ் இத்தாலியின் டூரின் நகரில் இருக்கிறது. உலகில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். நிலுவை கிடைத்தது, மறுபடி நின்றது, மறுபடி உட்கார்ந்தார்கள்.

அதே ஊரில் சில ஆண்டுகள் கழித்து நௌநக்தே என்ற மூதாட்டி ஊர் மன்றத்தின் முன் உயில் சொன்னாள். எட்டுப் பிள்ளைகளை வளர்த்து, வீடு வைக்கத் தேவையானதையும் கொடுத்தேன். முதுமையில் எனக்குக் கை கொடுத்தவர்களுக்கு என் சொத்து, கொடுக்காதவர்களுக்கு இல்லை. பெயர் பெயராகச் சொல்லி விலக்கினாள். தன் பெயரில் சொத்து வைத்திருக்கவும் அதை விரும்பியவருக்குக் கொடுக்கவும் எகிப்தியப் பெண்ணுக்கு உரிமை இருந்தது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். எனக்கோ அந்த அம்மாவின் குரலில் கேட்பதுதான் விளங்குகிறது.

கடைசியாகச் சாவு. இங்கும் வீடுதான். கல்லறையை ‘நித்திய வீடு’ என்றார்கள். உடலின் உள்ளுறுப்புகளை எடுத்து, நேட்ரான் உப்பில் உலர்த்தி, துணி சுற்றி முடிக்க 70 நாள். இதயத்தை மட்டும் எடுப்பதில்லை. மறுமையில் அதைத் தராசில் வைத்து, வாய்மையும் ஒழுங்குமான மாத் தேவதையின் இறகுக்கு எதிரே நிறுக்க வேண்டும் அல்லவா? இரண்டாம் ராம்சேஸின் மூக்கில் மிளகு மணிகள் இருந்தன. மிளகு அந்தக் காலத்தில் விளைந்தது தென்னிந்தியாவின் மேற்கு மலைத்தொடர்ப் பக்கம். கி.மு. 1213 வாக்கில் இறந்த அரசரிடம் அது எத்தனை கை மாறிப் போய்ச் சேர்ந்ததோ! ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, உரோமர் ஆண்ட எகிப்தின் குசேர் அல்-காதிம் துறைமுகத்தில் ‘பானை ஒறி’ (பானையைத் தொங்கவிடும் உறி) என்று தமிழ் பிராமியில் எழுதிய பானை ஓடு விழுந்து கிடந்தது. அப்போது வணிகர்களே நேரில் போய்வந்தார்கள்.

இறந்தவரோடு வைத்த மந்திரச் சுருளுக்கு ‘இறந்தோர் நூல்’ என்று பெயரிட்டவர் ஜெர்மானிய அறிஞர் லெப்சியஸ், 1842இல். எகிப்தியர்கள் வைத்த பெயர் ‘பெரெத் எம் ஹெரு’, பகலில் வெளியே வருதல். வயல் வெள்ளத்திலிருந்து வெளியே வந்ததற்கு என்ன சொல்லோ, அதே சொல். கல்லறைச் சுவரில் கல்லிலேயே ஒரு பொய்க்கதவு செதுக்கி, அதன்முன் படையல் வைத்தார்கள். உள்ளே இருப்பவர் அதன் வழியே வந்து உண்பார். படையல் சொல்லும் நம் வீட்டில்தான் தொடங்குகிறது: வீட்டுப் படத்தின் கீழே ஒரு துடுப்பு, ஒரு ரொட்டி, ஒரு பீர்ச் சாடி. துடுப்பு குரலுக்கு ஒலிக்குறி. ‘குரல் வெளியே வருதல்’. கொண்டுவர ஒன்றும் இல்லாதவர் வாயால் சொன்னாலே போதும். ஆயிரம் ரொட்டி, ஆயிரம் சாடி பீர் என்று அந்த வழியாகப் போகிறவர் படித்துவிட்டால் உள்ளே இருப்பவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

கெய்ரோவுக்குத் தெற்கே, சக்காராவுக்குப் பக்கத்தில், அபுசிர் என்று ஒரு கிராமம் இருக்கிறது. அரபியில் ‘அபு’ என்றால் தந்தை. ஆனால் இந்த ஊரின் பெயரில் இருப்பது தந்தை அல்ல. மறுமையின் தெய்வம் ஒசிரிசை எகிப்தியர்கள் ‘உசிர்’ என்றார்கள். அவருடைய வீடு பெர்-உசிர். காப்டிக்கில் புசிரி ஆகி, அரபியில் அபுசிர் ஆகிவிட்டது. வாசல் வைத்த அந்த வீட்டை, அங்கே வாழ்கிறவர்கள் ஊர்ப்பெயர் சொல்லும்போதெல்லாம் இன்றும் சொல்கிறார்கள்.